வெள்ளிக்கிழமைக்கான ஏழு மாத்திரைகள்

நான் பால்வாடி டீச்சராக இருந்த ஊரில் என்னைக் கண்டால் பிள்ளைகள் அழுகையை நிறுத்தும். பெரியவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். என் வாய் அப்படி. காசநோய் மாத்திரை கொடுக்கிற வேலையையும் என் தலையில் கட்டியதற்கு அந்த வாய்தான் காரணம் என்று நினைக்கிறேன். இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். பசுவந்தனைக்குப் பக்கத்தில், வானம் பார்த்த கரிசல் ஊர். கோவில்பட்டியிலிருந்து காலை முதல் பஸ்ஸில் போய் இறங்குவேன். இறங்கும்போதே யாரையாவது திட்டிக்கொண்டுதான் இறங்குவேன்.

அதற்கு முன்பெல்லாம் காசநோய்க்காரர்களுக்கு மாத்திரையை மொத்தமாகக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இருமல் நின்றதும் அவர்கள் அதைப் பரணில் போட்டுவிடுவார்கள். புதுத் திட்டத்தில் அந்த ஏமாற்று நடக்காது. நோயாளிக்கு ஒரு பெட்டி. மேலே அவர் பெயர். உள்ளே ஆறு மாதத்துக்கான மாத்திரை முழுவதும். முதல் இரண்டு மாதம் திங்கள், புதன், வெள்ளி என்று என் கண்முன்னால் வந்து விழுங்க வேண்டும். ஒரு நாளைக்கு ஓர் அட்டை, ஓர் அட்டையில் ஏழு. விழுங்கினால் கார்டில் ஒரு குறி போடுவேன். மீதி நான்கு மாதம் வாரத்துக்கு ஒருநாள் வந்தால் போதும், மற்ற நாள் மாத்திரையை வீட்டில் விழுங்கிக் காலி அட்டையைக் கொண்டுவர வேண்டும். திட்டம் அரசாங்கத்துடையது. எங்கள் பக்கத்து ஊர்களில் அதைப் பார்த்துக்கொண்டது வெளிநாட்டு நிதியில் நடந்த ஒரு தொண்டு நிறுவனம். அதன் சூப்பர்வைசர் வாரத்துக்கு ஒருமுறை மோட்டார் சைக்கிளில் வந்து கார்டையும் காலி அட்டைகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்.

என்னிடம் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று வீட்டில் தீப்பெட்டி ஒட்டும் ஒரு பெண்ணுடையது. இன்னொன்று ஆடு மேய்க்கிறவனுடையது. அவனுக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். ஐப்பசி மழையில் ரத்தமாகத் துப்பியதும் அவன் பெண்டாட்டி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடம்பூர்ப் பக்கம் அப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள். பின்னாலேயே போனவனை மாமனார் வாசலோடு நிறுத்தி, "சீக்கு இல்லன்னு ஆஸ்பத்திரிப் பேப்பரு கொண்டா. மகளையும் பேத்தியையும் கூட்டிட்டுப் போ" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அந்தப் பேப்பருக்காகத்தான் அவன் மாத்திரை விழுங்கினான். நோய்க்காக அல்ல.

ஒவ்வொரு தடவையும் விழுங்கிவிட்டுப் பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பான்.

"இன்னும் எத்தன அட்ட இருக்கு டீச்சர்?"

"ஏன், எண்ணி முடிச்சு மாமனாருக்கு மால போடப் போறியோ?"

சிரிப்பான். என் வாய்க்குச் சிரித்தவன் அந்த ஊரில் அவன் ஒருவன்தான். ஐந்து வாரம் ஒருநாள் தவறாமல் வந்தான். இருமல் நின்றது. கன்னத்தில் கொஞ்சம் சதை வந்தது. முதல் நாளே அவனிடம் சொல்லியிருந்தேன்: "அந்தச் சிவப்புக் கேப்சூல் மூத்திரத்தைச் செவப்பாக்கும். பயந்துக்கிட்டு ஓடியாராத." அவனும் ஓடிவரவில்லை.

மார்கழியில் சூப்பர்வைசர் ஒரு செய்தி கொண்டுவந்தார். நிதி கொடுக்கிற வெளிநாட்டுக்காரர்கள் நேரில் பார்க்க வருகிறார்களாம். நூற்றுக்கணக்கான ஊர்களில் எங்கள் பால்வாடியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். நோயாளி மாத்திரை விழுங்குவதைப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், அந்தப் படம் அவர்கள் நாட்டில் புத்தகத்தில் வரும்.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்தப் படத்தில் இருக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. பதினெட்டு வருஷம் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிட்டவளை யாரும் ஒரு படம் பிடித்ததில்லை. கல்யாணத்துக்கு எடுத்த மாம்பழக் கலர் பட்டுப்புடவையை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து இரண்டு நாள் வெயிலில் காயவைத்தேன்.

தீப்பெட்டி ஒட்டும் பெண்தான் விழுங்கிக் காட்டுவதாக ஏற்பாடு. அவளுக்குக் கல்யாண வயதில் மகள் இருந்தாள். கேமரா வருகிறது என்று தெரிந்ததும் முந்தின நாள் சாயங்காலமே வீட்டைப் பூட்டிக்கொண்டு கோவில்பட்டிக்குப் போய்விட்டாள். சீக்குக்காரி மகள் என்று பேர் வந்தால் எவன் கட்டுவான்? அவள் செய்ததில் தப்பில்லை. அன்றைக்கு அவளை நான் திட்டிய திட்டு இங்கே எழுதக்கூடியதில்லை.

அது புதன்கிழமை. பனி காய்ந்த பிறகுதான் ஆட்டைத் திறப்பார்கள் என்பதால் அவன் வழக்கம்போல் எட்டு மணிக்கே வந்து விழுங்கிவிட்டுப் போய்விட்டான். கார்டில் குறியும் போட்டாகிவிட்டது. பத்தரை மணிக்கு சூப்பர்வைசர் வந்து விஷயம் கேட்டதும் முகம் செத்துப்போயிற்று. மோட்டார் சைக்கிளில் காட்டுக்குப் போய் அவனைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்துவிட்டார். ஆடுகளை அவன் தாய் பார்த்துக்கொண்டாள்.

"காலம்பற முழுங்கிட்டானே சார். சத்து மாத்திர குடுத்து முழுங்கச் சொல்லுவோமா?" என்று நான்தான் கேட்டேன்.

"அவங்களுக்கு அட்டை தெரியும் டீச்சர். கேப்சூல் கலர் தெரியும். வெள்ளிக்கிழமை அட்டையை எடுங்க. ரெண்டு நாள் முன்னால சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது."

எனக்குத் தெரியும், அது சரியில்லை என்று. பயிற்சியில் ஒரு நாளைக்கு ஏழு, அதற்குமேல் கூடாது என்று சொல்லித்தந்திருந்தார்கள். வெளியே இரண்டு ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது. நான் வெள்ளிக்கிழமை அட்டையை எடுத்தேன்.

"ஏற்கெனவே முழுங்கிட்டேனே டீச்சர்?" என்றான் அவன்.

"முழுங்குனா செத்தா போயிருவ? ஏலே, வந்திருக்கவிய யாருன்னு தெரியுமா? அவிய குடுக்குத மாத்திரையத்தான் நீ திங்குத. அவிய கண்ணு முன்னால ஒருக்கா தின்னா என்ன கொறஞ்சா போவ?"

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு கேட்டான்: "அப்பம் ஒரு அட்ட சீக்கிரமா முடிஞ்சிருமா? பேப்பரு முன்னாலயே கெடைக்குமா?"

"கெடைக்கும்" என்றேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் விழுங்கினான். வெள்ளைக்காரர்கள் நான்கு பேர். ஓர் அம்மாளின் கழுத்தில் கேமரா. கேப்சூலை நாக்கில் வைத்து அப்படியே நிற்கச் சொன்னார்கள். நின்றான். எச்சில் ஒழுகியது. அப்படியே நின்றான். பிறகு ஏழும் உள்ளே போனது. அவர்கள் கைதட்டினார்கள். விருந்தாளிகளுக்கு வாங்கிவைத்திருந்த கடம்பூர் போளியில் ஒன்றை அந்த அம்மாள் தன் கையாலேயே அவனுக்குக் கொடுத்தார். மாமனார் ஊர்ப் போளி என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுத் தின்றான்.

ஜீப்பின் தூசி அடங்குவதற்குள் பருத்திக்காட்டு ஓரத்தில் குனிந்து நின்று எல்லாவற்றையும் வாந்தி எடுத்தான். போளி, மாத்திரை, காலையில் குடித்த கஞ்சி எல்லாம். நான் பட்டுப்புடவை முந்தானையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ளி நின்றேன். புடவையில் பட்டுவிடும் என்றுதான் தள்ளி நின்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் வந்தான். கண்ணெல்லாம் குழி விழுந்திருந்தது. இரண்டு நாளாகச் சோறு தங்கவில்லையாம். மூத்திரம் முன்னைப்போல் சிவப்பாக அல்ல, கருஞ்சிவப்பாகப் போகிறதாம். பெட்டியில் அன்றைக்கு அட்டை இல்லை. கார்டில் வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் குறி ஏற்கெனவே இருந்தது. "நீதான் முன்கூட்டியே தின்னுட்டியே, திங்கக்கெழம வா" என்று அனுப்பிவிட்டேன்.

திங்கட்கிழமை அவன் வரவில்லை. அவன் தாய் அதற்குள் ஒரு காரியம் செய்திருந்தாள். எங்கள் பக்கத்தில் காமாலை வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. மூத்திரத்தில் ஒரு கை சோற்றைப் போட்டு வைப்பார்கள். சோறு மஞ்சளாகிவிட்டால் மஞ்சள்காமாலை. அவள் போட்ட சோறு மஞ்சளையும் தாண்டிச் செம்பருத்தி நிறத்துக்குப் போய்விட்டதாம். வாந்தியும் இருக்கிறது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? அன்றைக்கே காமாலைக்குப் பச்சிலை கொடுக்கிறவரிடம் கூட்டிப்போய்விட்டாள். ஒரு மண்டலம் பத்தியம். உப்பு கூடாது, எண்ணெய் கூடாது, இங்கிலீஷ் மருந்து ஒரு பொட்டுகூடக் கூடாது.

அவர்கள் வீட்டுக்கு மூன்று தடவை நடந்தேன். மூன்றாவது தடவை அந்தத் தாய் வாசலை மறித்துக்கொண்டு கேட்டாள்.

"டீச்சரம்மா, ஒரு வார்த்த சொல்லுங்க. அஞ்சு வாரமா ஒண்ணும் செய்யாத மாத்திர, அன்னைக்கு மட்டும் எம்பிள்ளைய ஏன் இப்பிடிப் போட்டுச்சு? அன்னைக்கு என்ன குடுத்தீய?"

"எப்பவும் குடுக்குததுதான்" என்றேன்.

"அப்பம் இது காமாலதான்" என்றாள் அவள்.

அவள் கணக்கில் தப்பே இல்லை. மாத்திரை அதேதான் என்றால் நோய்தான் வேறு. ஏழுக்குப் பதினாலு கொடுத்தேன், அதனால்தான் வாந்தி, அதனால்தான் அந்த நிறம் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அவளே மகனைக் காதைப் பிடித்து இழுத்து வந்திருப்பாள். சொன்னால் ஊர் என்னைக் கிழித்துவிடும். ஊரைக் கிழித்துப் பழகியவளுக்குத்தான் அந்தப் பயம் அதிகம். கரிசல் புழுதியில் செருப்பைத் தேய்த்துக்கொண்டே திரும்பி வந்துவிட்டேன்.

மாசியில் புத்தகம் வந்தது. வழவழப்பான தாள். அட்டையிலேயே அவன், வாயைத் திறந்துகொண்டு, நாக்கில் சிவப்புக் கேப்சூலோடு. பக்கத்தில் தண்ணீர் டம்ளர் பிடித்த ஒரு கை தெரிந்தது. அது என் கை. பட்டுப்புடவையைக் காணோம், முகத்தைக் காணோம், மணிக்கட்டோடு வெட்டியிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவன் இரண்டு மாதமாக மாத்திரை தின்னவில்லை என்பதற்குக்கூட நான் அவ்வளவு வருத்தப்பட்டதில்லை.

"இவன் பாதியில விட்டுப்போனவன்னு எழுத முடியாது டீச்சர்" என்றார் சூப்பர்வைசர். புத்தகத்தை மேசைமேல் வைத்துத் தட்டினார். "அட்டைப் படமே இவன்தான். இவனே விட்டுப்போனான்னா அடுத்த வருஷம் நிதி நின்னுரும். எங்க பதினோரு பேருக்கும் வேலை போயிரும். கார்டை நிரப்பிருங்க. சளிப் பரிசோதனையை நான் பாத்துக்கிடுதேன்."

அன்று பிற்பகல், பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, ஒரே மூச்சில் மீதி எல்லாக் கட்டத்திலும் குறி போட்டேன். சந்தேகம் வரக்கூடாது என்று நடுநடுவே பேனாவை மாற்றினேன். மீதி மாத்திரைக்கு ஒரு வழி பண்ண வேண்டியிருந்தது. காலி அட்டைதானே கணக்கு. பால்வாடிக்குப் பின்னால் நிலம் வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. முழங்கை வரை கை போகிற வெடிப்பு. அதன் பக்கத்தில் குத்தவைத்து, ஒவ்வோர் அட்டையாகப் பிதுக்கி உள்ளே போட்டேன். கட்டைவிரல் வலித்தது. மூன்று நாள் ஆயிற்று, பெட்டி முழுவதும் தீர. நான்கரை மாத மருந்தைத் தின்ற மண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த மழையில் வெடிப்பு மூடிக்கொண்டது.

சித்திரையில் அவன் வந்தான். ஆறு மாதம் முடிந்து பேப்பர் வந்துவிட்டது என்று சூப்பர்வைசர் வழியில் பார்த்துச் சொன்னாராம். சிகிச்சையை முழுமையாக முடித்தார், சீல், கையெழுத்து, சாட்சியாக என் கையெழுத்து. அவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினான். வாங்கியவன் உடனே போகவில்லை.

"முழுசாத் தின்னாமயே முடிஞ்சிட்டா டீச்சர்?"

அவனை ஏய்ப்பதற்கு யாரும் அவ்வளவு சிரமப்பட வேண்டியதில்லை. ஆனாலும் அவன் கேட்டான். உண்மை சொல்ல எனக்குக் கிடைத்த இரண்டாவது வாசல் அது.

"இருமல் இருக்கா?"

"இல்ல."

"பெறகென்ன? பேப்பருல போட்டிருக்குல்லா? போயி பிள்ளையக் கூட்டிட்டு வா, போ."

மறுநாளே கூட்டிவந்துவிட்டான். பெண் பிள்ளை. ஒன்றரை வயது முடிந்து இரண்டாவதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். மாமனாரிடம் பேப்பரைக் காட்டியதும் அவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, மருமகனுக்குக் கோழி அடித்துப் போட்டாராம். பிள்ளையை முதல் நாள் அவனே பால்வாடிக்குத் தூக்கிவந்தான். தராசில் தொங்கவிட்டு எடை பார்த்தேன். எடை குறிக்கிற வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்தேன். பச்சை நிறப் பட்டையில் நடுவாக விழுந்தது புள்ளி. "ஆட்டுப்பால் குடிச்ச குட்டி, நல்லாத்தான் இருக்கு" என்றேன். அப்பன்காரனுக்குப் பல் முழுவதும் தெரிந்தது.

அவள் ராத்திரியெல்லாம் அவன் நெஞ்சின்மேல்தான் தூங்குவாள் என்று அவன் பெண்டாட்டி குறை சொல்லுவாள்.  கேட்டுக்கொண்டு சத்துமாவு உருண்டை பிடிப்பேன்.

ஆடிக்காற்றில் அவனுக்கு மறுபடி இருமல் தொடங்கியது. ஒருநாள் வழியில் நிறுத்திச் சொன்னேன்: "ஏலே, ஒருக்கா போயி சளி குடுத்துப் பாரு."

"அதான் முடிஞ்சிட்டுன்னு பேப்பருல போட்டிருக்கே டீச்சர். இது காத்துக்கு வந்த இருமல்."

என் கையெழுத்தை எனக்கே காட்டினான்.  அடுத்த மாதம் பிள்ளையின் புள்ளி பச்சையிலிருந்து மஞ்சளுக்கு இறங்கியிருந்தது. பல் முளைக்கிறது என்றாள் தாய்க்காரி. நானும் பல் என்றே எழுதினேன்.

ஆவணிக் கடைசியில் பிள்ளைக்குக் காய்ச்சல் விடவே இல்லை. தொட்டால் கத்தினாள். பிறகு கத்துவதையும் விட்டுவிட்டாள். கழுத்து பின்னால் வளைந்தது. ஒரு ஷேர் ஆட்டோவைப் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. அவர்கள்மேல் தப்பும் இல்லை. நானும் கூடப்போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் போனேன். ஆட்டோவில் வாய்க்குள் அந்த வாக்கியத்தைக் கோத்துக்கொண்டே போனேன்.

சின்ன வயசு டாக்டர். பொறுமையாகத்தான் கேட்டார்.

"வீட்ல யாருக்காவது காசநோய் இருந்துச்சா?"

"எனக்கு இருந்துச்சு சார். குணமாயிட்டு" என்று அவன் மடியிலிருந்து பாலிதீன் பையை எடுத்தான். பையிலிருந்து பேப்பரை எடுத்து விரித்துக் கொடுத்தான். மடிப்பில்கூட ஒரு கிழிசல் இல்லை. அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தான். டாக்டர் படித்தார். சீலைப் பார்த்தார். "முழு கோர்ஸும் சாப்பிட்டிருக்கார்" என்று பக்கத்திலிருந்த நர்ஸிடம் சொன்னார். என் பக்கம் திரும்பி, "மாத்திரை குடுத்தது நீங்கதானேம்மா? ஒழுங்கா சாப்பிட்டாரா?" என்று கேட்டார்.

அவன் என்னைப் பார்த்தான். அவன் தாய் என்னைப் பார்த்தாள். அவன் பெண்டாட்டி, பிள்ளையின் பாதி மூடிய கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒழுங்கா சாப்பிட்டான் சார்" என்றேன்.

அவர் வேறு காய்ச்சல் என்று வைத்து வைத்தியம் பார்த்தார். ஆறாவது நாள் வந்த பெரிய டாக்டர், பேப்பர் கிடக்கட்டும் என்று தள்ளிவைத்துவிட்டு அப்பனை நெஞ்சுப் படம் எடுக்கச் சொன்னார். நெஞ்சு முழுக்க நோய். பிள்ளைக்கு மூளையில் ஏறியிருப்பதும் அதே நோய்தான் என்று சொல்லி அன்றைக்கே மருந்தைத் தொடங்கினார். ஒன்பதாவது நாள் காலையில் பிள்ளை இறந்துவிட்டது.

பெண்டாட்டி திரும்ப அப்பன் வீட்டுக்குப் போனாள். அவனுக்குப் புதுப் பெட்டி வந்தது. இந்தத் தடவை மாத்திரையோடு ஊசியும். பெட்டி என்னிடம்தான் வந்தது. எனக்குத்தான் நல்ல பேர் இருந்ததே. முதல் நாள் காலையில் அவன் வரும்வரை பெட்டியைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைக்கு அவனிடமிருந்துதான் நோய் ஒட்டியது என்று டாக்டர் அவனிடம் சொல்லியிருப்பார். வந்து என் சங்கைப் பிடிப்பான் என்று நினைத்தேன். பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவன் கையில் தூக்குவாளி இருந்தது. அதை மேசைமேல் வைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினான்.

"நான்தான டீச்சர் மாத்திரைய விட்டேன். நீங்க மூணு தடவ வீடு தேடி வந்தீய. எங்கம்ம பேச்சக் கேட்டு விட்டுட்டேன். பிள்ளைய நானே கொன்னுட்டேன்."

நான் பெட்டியிலிருந்து அன்றைக்கான அட்டையை எடுத்தேன்.

"தின்னு முடிக்காதவனுக்கு நீங்க பாவப்பட்டுப் பேப்பரு குடுத்தீய. அது எனக்குத் தெரியாதா? அது இல்லன்னா என் கையில அவளக் குடுத்திருக்கவே மாட்டாவ. அஞ்சு மாசம் எங்கூட இருந்தா. அதுக்கு ஒங்கள நான் மறக்க மாட்டேன்." முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். "ஆட்டுப்பால் கொண்டாந்திருக்கேன். பிள்ளைக்குன்னு கறக்குதது. இப்பம் குடிக்க ஆள் இல்ல."

வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் ஏன் வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். வாங்கிக்கொண்டேன். அன்று சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காய்ச்சினேன். கீழே கொட்ட மனம் வரவில்லை. குடித்தேன்.